பி.எஸ்.பி.க்கு இனி யார் எழுதுவது?

லால்பேட்டையில் இன்று முப்பது வயதைத் தொட்டவர்களிடம் பி.எஸ்.பி. என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஷார்ஜாவிலிருந்தோ ரியாத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுப்பில் வரும் அத்தாவின் பெட்டியில், மச்சானின் பெட்டியில், சென்ட் பாட்டிலுக்கும் டாங் டப்பாவுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே கைலியில் சுற்றிப் பத்திரமாக வந்து சேர்ந்த கறுப்புக் கையடக்க விளையாட்டுக் கருவி அது. சோனி அதை 2004 டிசம்பர் 12 அன்று ஜப்பானில் வெளியிட்டது. அடுத்த மார்ச்சில் அமெரிக்காவுக்கும் செப்டம்பரில் ஐரோப்பாவுக்கும் போனது. வீராணம் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அதைக் கொண்டுவந்தது எந்தக் கடைக்காரரும் இல்லை, சம்பளத்தில் மிச்சம் பிடித்த தகப்பன்மார்தான். தெருவில் ஒரு பையனிடம் இருந்தால் மற்றவர்கள் முறை வைத்து வாங்கி ஆடினார்கள்.

பிறகு ஆண்ட்ராய்டு போன் வந்தது. பி.எஸ்.பி. அலமாரிக்குப் போனது. சுமார் எட்டுக் கோடி கருவிகளை விற்ற சோனி 2014இல் அதை நிறுத்தியது. கருவிக்கென்று மிச்சமிருந்த விற்பனை வழியையும் 2021 ஜூலையில் அடைத்தது. எங்கள் ஊர் அலமாரிகளில் பத்திர நகல்களுக்கும் பழைய பாஸ்போர்ட்டுகளுக்கும் அடியில் இன்னும் பல கிடக்கின்றன. திரை கீறியிருக்கும், பேட்டரி உப்பியிருக்கும், வட்டு சுழலாது. ஆனால் உள்ளே இருக்கும் கணினி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. நான் எழுத வந்தது அந்தக் கணினியைப் பற்றி. பழைய விளையாட்டுகளைத் திரும்ப ஆடிப் பார்க்கும் ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கருவிக்குப் புதிதாக ஒன்றை எழுதுவது, அதுவும் தமிழில் எழுதுவது, எங்கள் ஊர் மாதிரி ஒரு ஊரில் நடக்கக்கூடியது, நடக்க வேண்டியது என்று நம்புகிறேன்.

கம்பெனியின் உரிமம் இல்லாமல் தனி ஆட்கள் ஒரு விளையாட்டுக் கருவிக்குத் தாங்களே நிரல் எழுதுவதை ஹோம்ப்ரூ என்கிறார்கள். பி.எஸ்.பி.யில் அது 2005 மே மாதம் தொடங்கியது. ஜப்பானில் முதலில் விற்ற கருவிகளில் இருந்த 1.00 இயங்குமென்பொருள், சோனியின் கையொப்பம் இல்லாத நிரலையும் தடுக்காமல் ஓட்டியது. நெம் என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் அதில் 'ஹலோ வேர்ல்ட்' என்று திரையில் காட்டினார். அடுத்த மாதமே 1.50 பதிப்பிலும் ஓட்டினார்கள். அதற்கு இரண்டு மெமரி ஸ்டிக்குகளைச் சரியான கணத்தில் மாற்றிச் செருக வேண்டியிருந்தது. சோனி ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு கதவை அடைக்க, இவர்கள் அடுத்த கதவைக் கண்டுபிடித்தார்கள். ஒரு டிஃப் படத்தைத் திறக்கும்போது வரும் பிழை ஒரு கதவு. லிபர்டி சிட்டி ஸ்டோரீஸ் விளையாட்டின் சேமிப்புக் கோப்பில் இருந்த பிழை இன்னொன்று. 2006இலிருந்து டார்க் அலெக்ஸ் என்ற ஸ்பெயின்காரர் சோனியின் இயங்குமென்பொருளையே பிரித்து மாற்றித் தொகுத்து வெளியிட்டார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2007 ஆகஸ்டில் வந்த பண்டோரா பேட்டரி. பி.எஸ்.பி.யின் பேட்டரிக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. அதில் ஒரு வரிசை எண் இருக்கிறது. அந்த எண்ணின் எல்லா இலக்கமும் பதினாறடிமான எஃப் ஆக இருந்தால், கருவி தன்னைச் சோனியின் பழுதுபார்க்கும் மேசையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். உள் நினைவகத்தை விட்டுவிட்டு மெமரி ஸ்டிக்கிலிருந்து தொடங்கும். அந்தச் சிப்பின் ஒரு காலைத் தூக்கிவிட்டாலே இது நடந்தது. இயங்குமென்பொருள் கெட்டு, பச்சை விளக்கு எரிந்தும் திரை வராமல் செத்துப்போன கருவிகளை எல்லாம் இந்தப் பேட்டரி எழுப்பிவிட்டது. கம்பெனி தன் பட்டறைக்கு மட்டும் வைத்திருந்த சாவி, சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த எவர் கைக்கும் வந்தது.

2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில், சோனியின் இன்னொரு கருவியான பிளேஸ்டேஷன் 3இன் கையொப்ப முறையில் இருந்த பெரிய தவறு ஒன்றை ஹேக்கர்கள் விளக்கினார்கள். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டிய ஓர் எண்ணைச் சோனி மாற்றாமல் ஒன்றையே பயன்படுத்தியிருந்தது. அந்த நூலைப் பிடித்து இழுத்ததில் பி.எஸ்.பி.யின் சாவிகளும் 2011 தொடக்கத்தில் வெளிவந்தன. அதன்பின் எந்த மாற்றமும் செய்யாத கருவியிலும் தனி ஆள் எழுதிய நிரலை ஓட்ட முடிந்தது. ஆறு வருஷப் போராட்டம் முடிந்து கதவு முழுக்கத் திறந்தபோது, உள்ளே நுழைய ஆள் குறைந்துவிட்டிருந்தது. அதுதான் வருத்தம்.

ஏன் குறைந்தார்கள் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது, அக்டோபரில் கூகிள் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டைத் திறந்தது. கையடக்கக் கருவிக்கு எழுத விரும்பியவனுக்கு உரிமத்தோடும் கருவித்தொகுப்போடும் காசோடும் ஒரு பாதை கிடைத்தது. இருபது வயதில் எழுதியவர்களுக்கு வேலை வந்தது, குடும்பம் வந்தது. இவை இயல்பானவை, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் போகும்போது அறிவும் கூடவே போனது. பி.எஸ்.பி.யின் உள்ளமைப்பு பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி அரட்டை அறைகளிலும் யாரோ ஒருவரின் சொந்தச் சர்வரிலும் இருந்தது. சர்வருக்குப் பணம் கட்டுவது நின்றதும் அது மறைந்தது. நிரலை மொழிமாற்றும் ஜி.சி.சி. கம்பைலரும் பழைய பதிப்பிலேயே நின்றுபோனது. புதிதாய் ஆசைப்பட்டு வந்த மாணவன் அதைத் தன் கணினியில் நிறுவப் பார்த்தால், முதல் நாள் முழுக்கப் பிழைச் செய்திகளோடு போனது. இரண்டாம் நாள் அவன் வரமாட்டான்.

இந்த இடத்தில்தான் சமீப ஆண்டுகளின் வேலை எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2020ஐ ஒட்டிச் சிலர் அந்தப் பழைய கருவித்தொகுப்பைத் திரும்ப எடுத்து, புதிய ஜி.சி.சி.யோடு பொருத்தி, தூசி தட்டினார்கள். இன்று உபுண்டுவில் ஒரு தொகுப்பை இறக்கிப் பிரித்து, பாதையைக் குறித்துவிட்டால், அன்று மாலையே திரையில் ஒரு வட்டம் வரையலாம். எஸ்.டி.எல். நூலகமும் பி.எஸ்.பி.க்கு முறையாக வந்துவிட்டது. கணினிக்காக எழுதிய எளிய விளையாட்டை அதிகம் மாற்றாமல் கொண்டுவரலாம். வீராணம் ஏரியைப் பராந்தக சோழன் காலத்தில் வெட்டினார்கள். வெட்டியவர்கள் போய் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் கொள்ளிடத்து நீர் கீழணையிலிருந்து வடவாறு வழியே வந்து சேர்கிறது, 2004இலிருந்து சென்னைக்கும் போகிறது என்றால், நடுவில் ஒவ்வொரு தலைமுறையும் தூர்வாரி, கரை கட்டி, மதகைப் பழுது பார்த்ததுதான் காரணம். பழைய கம்பைலரைப் புதுப்பித்தவர்கள் செய்ததும் இந்தக் குடிமராமத்துதான். கம்பெனி கைவிட்டதை, அதனால் பயன்பெறுகிறவர்கள் கையில் எடுத்தார்கள்.

இதற்கு இணையாக இன்னொரு வேலையும் நடந்தது. சுவீடன்காரரான ஹென்ரிக் ரிட்கார்ட் 2012இல் பி.பி.எஸ்.எஸ்.பி.பி. என்ற எமுலேட்டரை வெளியிட்டார். கணினியிலும் போனிலும் பி.எஸ்.பி.யாக நடிக்கும் நிரல் அது. பலரும் இதை விளையாடத்தான் இறக்கினார்கள். எழுதுகிறவனுக்கு அது வேறு வகையில் உதவுகிறது. கையில் பி.எஸ்.பி.யே இல்லாமல் நிரலை எழுதி, ஓட்டி, பிழை திருத்திவிடலாம். கடைசிச் சோதனைக்கு மட்டும் உண்மைக் கருவி போதும். 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பலவற்றில் பாஸ் லினக்ஸும் இருந்தது. இன்றைய விளையாட்டு எஞ்சின்களைத் திறந்தாலே திணறும் அந்த மடிக்கணினி, பி.எஸ்.பி.க்கான ஒரு நிரலைச் சில நொடிகளில் மொழிமாற்றிக் கொடுத்துவிடும். பெரிய எந்திரம் வாங்க வழியில்லாத பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, போனுக்கே எழுதலாமே, செத்த கருவிக்கு ஏன் என்று கேட்பார்கள். என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். என் பதில் அந்தக் கருவியின் அளவில் இருக்கிறது. பி.எஸ்.பி.யின் செயலி 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் மிப்ஸ் வகை. முதல் மாடலில் நினைவகம் 32 எம்.பி. அதிலும் 8 எம்.பி. இயங்குமென்பொருளுக்குப் போக, நமக்குக் கிடைப்பது 24. படத்துக்கென்று தனியாக 2 எம்.பி. திரை 480க்கு 272 புள்ளிகள். இவ்வளவுதான் உலகம். இந்த உலகத்தை ஒரு மாணவன் ஒரு நோட்டின் இரண்டு பக்கத்தில் வரைந்து, எந்தப் பைட் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

படநினைவகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். திரையின் அகலம் 480 புள்ளி, ஆனால் வன்பொருள் ஒரு வரிக்கு 512 புள்ளி இடம் கேட்கிறது. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் 512ஐ 272ஆல் பெருக்கி 4ஆல் பெருக்க வேண்டும், 5,57,056 பைட். ஒன்று காட்டுவதற்கு, ஒன்று பின்னால் வரைவதற்கு என இரண்டு வேண்டும். ஆழத்தைக் குறிக்கும் இடைநினைவகத்துக்குப் புள்ளிக்கு 2 பைட் வீதம் 2,78,528. எல்லாம் போக 2 எம்.பி.யில் மிஞ்சுவது 7,04,512 பைட். இதை ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை கையால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அதற்குள் தன் விளையாட்டின் படங்களை அடக்க வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது, எதை நிறம் குறைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். போனில் இந்த முடிவுகளை எல்லாம் யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள். அங்கே எழுதுகிறவன் பத்து அடுக்குகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறான், கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை.

இன்னொன்று சொல்கிறேன். பி.எஸ்.பி.யில் எழுதத் தொடங்கும் எல்லோரும் ஒரு நாள் ஒரே பிழையில் மாட்டுவார்கள். நிரல் சரியாக இருக்கும், ஆனால் திரையில் படத்தின் நடுவே குப்பைக் கோடுகள் வரும். செயலி தான் எழுதியதைத் தன் கேஷ் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும். வரைகலைச் சிப் அதைப் பார்க்காமல் முதன்மை நினைவகத்தில் இருக்கும் பழைய சரக்கை எடுத்து வரைந்துவிடும். வரையச் சொல்வதற்கு முன் கேஷில் இருப்பதை வெளியே எழுதும்படி ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். கணினி அமைப்பியல் பாடத்தில் கேஷ் ஒத்திசைவு என்று ஒரு அத்தியாயம் வரும், பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வார்கள். அந்த அத்தியாயம் குப்பைக் கோடுகளாகக் கண்முன் வந்து நிற்பதைப் பார்த்தவன் அதை மறக்க மாட்டான்.

இனி தமிழுக்கு வருகிறேன். பி.எஸ்.பி.யின் உள்ளே சோனி வைத்த எழுத்துருக்கள் ஜப்பானியம், கொரியம், லத்தீன் இவற்றுக்கானவை. தமிழ் கிடையாது. ஆகவே தமிழில் ஒரு விளையாட்டு எழுத வேண்டுமென்றால் எழுத்தை நாமேதான் கொண்டுபோக வேண்டும். சோர்ந்துபோக வேண்டியதில்லை, உண்மையில் இந்த வேலையில் எனக்கு மிகவும் இனிப்பான பகுதி இதுதான். ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள். அதில் 'கெ' என்பது முதலில் 'க', அடுத்து எகரக் குறி என்று சேமிக்கப்படுகிறது, திரையிலோ குறி முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் ஒற்றைக் குறியை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இருபுறமும் வைக்க வேண்டும். 'கு', 'டு', 'மு' எல்லாம் ஒன்றுக்கொன்று மாறுபட்ட வடிவங்கள், ஒரு குறியை ஒட்டவைத்து முடித்துவிட முடியாது. போனில் இந்த வேலை எல்லாம் நமக்குத் தெரியாமல் நடந்துவிடுகிறது. பி.எஸ்.பி.யில் நாம் செய்ய வேண்டும்.

எத்தனை வடிவங்கள் வரைய வேண்டும் என்று எண்ணிப் பார்ப்போம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, இகர ஈகார வரிசைகள் 36, உகர ஊகார வரிசைகள் 36, தனியே நிற்கும் கால், எகர ஏகார ஐகாரக் குறிகள், ஔகாரத்தின் வலப்பாதி என 5. மொத்தம் 126. 247 எழுத்தையும் இந்த 126 வடிவங்களைக் கோத்து எழுதிவிடலாம். கிரந்த எழுத்துகளைச் சேர்த்தாலும் 160க்குள் அடங்கும். ஒரு வடிவத்துக்கு அகலம் 32, உயரம் 24 புள்ளி, புள்ளிக்கு ஒரு பைட் என்று தாராளமாக வைத்தாலும் 1,22,880 பைட்தான் ஆகிறது. முன்பு மிஞ்சியதாகச் சொன்ன 7,04,512க்குள் தமிழ் முழுவதும் உட்கார்ந்துவிடுகிறது, விளையாட்டின் படங்களுக்கும் நிறைய இடம் மிச்சம். குறிகளை இடம் மாற்றும் நிரல் நூற்றைம்பது வரியைத் தாண்டாது. தன் மொழியின் எழுத்தை ஒரு பிள்ளை புள்ளி புள்ளியாக வரைந்து, அதன் சேர்க்கை விதியைத் தானே நிரலாக எழுதி, அந்த ஒளிரும் திரையில் 'ஆட்டம் தொடங்கு' என்று பார்க்கும் கணம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அதன்பின் கணினி யாரோ கொடுத்த பொருளாகத் தெரியாது.

எந்த ஆட்டம்? என் கை ஆடுபுலி ஆட்டத்துக்குத்தான் போகிறது. 23 சந்திகள், 3 புலி, 15 ஆடு. ஒவ்வொரு சந்தியும் காலி, புலி, ஆடு என்ற மூன்று நிலைகளில் ஒன்று. எந்தச் சந்தியிலிருந்து எதற்குப் போகலாம், எதைத் தாண்டி எதில் இறங்கலாம் என்று ஒரு அட்டவணை போட்டால் விதிகள் முடிந்தன. கணினியைப் புலியாக்கி நாலைந்து நகர்வு முன்கூட்டி யோசிக்க வைக்க அந்தச் செயலிக்குத் தெம்பு உண்டு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் புலியை வளைக்கும் அறிவை நிரலுக்குச் சொல்லித்தருவது அதைவிடக் கடினம், அதனாலேயே சுவை. பல்லாங்குழி இன்னும் எளிது, 14 குழிதான். இந்தியத் தெரு ஆட்டங்கள் பி.எஸ்.பி.க்கு ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கின்றன. ஐதராபாத்தின் கேம்சாஸ்த்ரா நிறுவனம் செய்த 'தேசி அட்டா' 2009இல் சோனியின் உரிமத்தோடு வெளியானது, கபடியும் கில்லியும் அதில் உண்டு. அன்று அதற்கு ஒரு நிறுவனமும் ஒரு பதிப்பாளரும் தேவைப்பட்டார்கள். இன்று ஒரு விடுமுறையும் ஒரு மடிக்கணினியும் போதும்.

இங்கே நம் நாட்டுக் கருவி ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் வடிவமைத்த சிம்ப்யூட்டர், ஏழைகளுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் உதவும் கைக்கணினி என்ற கனவோடு 2001இல் பேசப்பட்டது. 2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் அமிடா சிம்ப்யூட்டராக விற்பனைக்கு வந்தது. லினக்ஸில் ஓடியது, கையைச் சாய்த்தால் உணர்ந்தது. அதன் வடிவமைப்பையே உரிமத்தோடு மற்றவர்களுக்குத் திறந்துவைத்திருந்தார்கள். சோனியின் பூட்டிய பெட்டிக்கு நேர் எதிரான நல்ல எண்ணம். ஆனால் விற்றது சில ஆயிரங்கள்தான், இன்று அதற்கு எழுத யாரும் இல்லை. பூட்டிய பி.எஸ்.பி.க்கோ இருபது வருஷம் கழித்தும் எழுதுகிறார்கள். திறந்த உரிமம் மட்டும் ஒரு கருவியைக் காப்பாற்றாது என்பதை இதிலிருந்து கற்றேன். கருவி நிறையக் கைகளில் இருக்க வேண்டும், அதைக் கணினியில் போலச்செய்ய எமுலேட்டர் வேண்டும், கம்பைலரை யாராவது விடாமல் பராமரிக்க வேண்டும். நிண்டெண்டோவின் பழைய கேம் பாய்க்கு இன்று புதிய விளையாட்டுகள் குவிவதும் இதனால்தான். 2019இல் வந்த ஜி.பி. ஸ்டூடியோ, நிரல் எழுதத் தெரியாதவனையும் இழுத்துவந்தது. பி.எஸ்.பி.க்கு அப்படி ஒரு எளிய வாசல் முன்பு இருந்தது. 2005இலேயே வந்த லுவா பிளேயர் அது. பத்து வரி லுவாவில் படத்தை நகர்த்திவிடலாம். அந்த வாசலை யாராவது இன்றைய பிள்ளைகளுக்குத் தமிழ்க் கையேட்டோடு திரும்பத் திறந்துவைத்தால் பெரிய உபகாரம்.

திருட்டு விளையாட்டைப் பற்றிப் பேசாமல் இதை முடிப்பது நேர்மையாகாது. பி.எஸ்.பி.யைத் திறந்த அதே சாவிதான் காசு கொடுக்காமல் விளையாட்டை நகலெடுக்கவும் வழிவிட்டது. சென்னை பர்மா பஜாரில் 'கிராக் பண்ணிக் கொடுங்க' என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் அதற்காகத்தான் கேட்டார்கள். அதனால் ஹோம்ப்ரூ என்றாலே திருட்டு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒன்றில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவும், பாதுகாப்புப் பூட்டை உடைப்பதைப் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு செய்தால்தான் குற்றம் என்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. நோக்கம் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளிடம் முதல் நாளே இந்தக் கோட்டைக் கிழித்துக் காட்டிவிட வேண்டும். நாம் எழுதியதை ஓட்டுவோம், அனுமதியோடு பகிர்ந்ததை ஓட்டுவோம், அடுத்தவர் உழைப்பைத் திருட மாட்டோம். இதில் விட்டுக்கொடுத்தால் இந்த முயற்சிக்கு நம் வீட்டுப் பெரியவர்களின் ஆதரவு கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

லால்பேட்டைக்கு இது புதுப் பழக்கமாகவும் இருக்காது. 1862இல் தொடங்கிய மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரி இருக்கும் ஊர் இது. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கி, ஒரே நூலை வருஷக்கணக்கில் வரி வரியாகப் படிக்கும் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு சிறிய எந்திரத்தை அடிவரை படிப்பதற்கும் அதே பொறுமைதான் வேண்டும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு நிரல் கற்றுத்தருகிறது. 2012இலிருந்து வரும் கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிப் பழக்கியிருக்கிறது. ஆட்களும் இருக்கிறார்கள், தமிழில் சொல்லும் வழியும் இருக்கிறது. கருவி அலமாரியில் இருக்கிறது. இவை மூன்றும் ஒரு மேசையில் சேரவில்லை, அவ்வளவுதான் குறை.

ஆகவே எங்கள் ஊர்க்காரர்களிடமும், பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்து வாசகர்களிடமும், வளைகுடாவிலிருந்து இதைப் படிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பி.எஸ்.பி. கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பின்மூடியைத் திறந்து பேட்டரியை வெளியே எடுங்கள். உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். மின்கழிவு வாங்குகிறவரிடம் தனியாகக் கொடுங்கள். பேட்டரி இல்லாமலும் சார்ஜரை நேராகச் செருகினால் கருவி ஓடும். வட்டு சுழலாவிட்டால் கவலை வேண்டாம், நாம் எழுதும் நிரல் மெமரி ஸ்டிக்கிலிருந்துதான் ஓடும். மெமரி ஸ்டிக் தொலைந்திருந்தால் மைக்ரோ எஸ்.டி. அட்டையைப் பொருத்தும் மலிவான அடாப்டர் கிடைக்கிறது. அடியில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் 1 என்றால் நினைவகம் 32 எம்.பி., 2, 3 என்றால் 64. கடைசி இலக்கம் 6 என்றால் அது சிங்கப்பூர், ஹாங்காங் பக்கம் விற்றது. பிறகு அதை உங்கள் தெருவில் கணக்கில் ஆர்வமுள்ள ஒரு பிள்ளையிடம், ஆணோ பெண்ணோ, கொடுங்கள். நிரல் தெரிந்த இளைஞர் யாராவது வாரத்தில் ஒரு சாயங்காலம் அந்தப் பிள்ளையோடு உட்காருங்கள். முதல் வேலையாக 126 எழுத்து வடிவங்களையும் வரையச் சொல்லுங்கள். வரைந்து முடித்ததும் அந்தப் படக்கோப்பை மற்ற ஊர்ப் பிள்ளைகளும் எடுத்துப் பயன்படுத்தும்படி கட்டற்ற உரிமத்தில் பொதுவில் வையுங்கள்.